தம்பியின் பிளான் ஜியும், 1989இல் தூக்கி எறிந்த ஒரு சட்டமும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார நேரம் இருப்பவர்கள் தொடருங்கள். மற்றவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளலாம்.

என் தம்பி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வரும் அக்டோபரில் அவனுக்கு 65 முடிகிறது, வேலையை விடப்போகிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தவன், நலம் விசாரித்து முடிப்பதற்குள், "அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பிளான் ஜி எடுக்கவா, ஹை டிடக்டிபிள் பிளான் ஜி எடுக்கவா?" என்றான்.

"டேய், நான் இடைநிலை ஆசிரியை. அமெரிக்கா இன்சூரன்சைப் பத்தி எனக்கு என்னடா தெரியும்?" என்றேன். "நீ பத்து வருஷம் தெருவுல சீட்டு நடத்துனவ. யார் எப்ப பணத்தை எடுக்கணும், யார் பொறுக்கணும்னு உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டான்.

எனக்கு ஒரு பழக்கம். எந்த விஷயமானாலும் அது எப்படி வந்தது என்று தெரியாமல் மண்டையில் ஏறாது. அதனால் ஒரு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருடைய பிள்ளைகளும் தம்பி தங்கைகளும் அங்கே 65ஐ நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்று ஓர் அரசுக் காப்பீடு உண்டு. அதில் ஏ பகுதி ஆஸ்பத்திரியில் படுத்தால், பி பகுதி டாக்டர், ஸ்கேன், வெளிநோயாளி செலவுக்கு. இதில் அரசு முழுவதையும் கட்டாது. நாம் கட்டவேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்க தனியார் கம்பெனிகள் விற்கும் பாலிசிக்குத்தான் மெடிகேப் என்று பெயர். அதில் ஒரு வகை பிளான் ஜி. டிடக்டிபிள் என்றால் கம்பெனி காசை எடுப்பதற்கு முன்னால் நாம் கையிலிருந்து கட்டித் தீர்க்கவேண்டிய தொகை. நம் ஊரில் சூப்பர் டாப்-அப் பாலிசி எடுத்தவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கமாக இருக்கும்.

சரி, அந்த இடைவெளி ஏன் வந்தது? சட்டம் போட்டவர்கள் ஏன் அடைக்காமல் விட்டார்கள்?

ரூஸ்வெல்ட் 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது மருத்துவத்தைத் தொடவில்லை. தொட்டால் ஓய்வூதியமும் சேர்ந்து கவிழ்ந்துவிடும் என்ற பயம். அவருக்குப் பின் வந்த ட்ரூமன் 1945 நவம்பரில் நாட்டு மக்கள் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. திட்டம் படுத்துவிட்டது.

பிறகு "எல்லாருக்கும் வேண்டாம், வயதானவர்களுக்காவது" என்று இறங்கி வந்தார்கள். அதற்கும் எதிர்ப்புதான். 1961இல் டாக்டர்கள் சங்கம் ஒரு கிராமபோன் ரெக்கார்டு வெளியிட்டது. இத்திட்டம் வந்தால் நாட்டின் சுதந்திரமே போய்விடும் என்று அதில் பேசியவர் அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்குக் கூப்பிட்டு, ரெக்கார்டைப் போட்டுக் காட்டி, எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுத வைப்பார்கள். அதற்கு 'ஆபரேஷன் காபி கப்' என்றே பெயர். இந்த ரீகன் பின்னால் இன்னொரு முறை வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1962 மே மாதம் கென்னடி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெரும் கூட்டத்தில் இதற்காகப் பேசினார். மறுநாளே டாக்டர்கள் சங்கம் தொலைக்காட்சியில் நேரம் வாங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று ஒரு டாக்டரைப் பதில் பேச வைத்தது. ஜூலையில் செனட்டில் 52க்கு 48 என்று மசோதா தோற்றது.

கென்னடி இறந்து, ஜான்சன் பெரிய வெற்றி பெற்று வந்த பிறகுதான் காற்று திரும்பியது. 1965இல் நிதிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் ஒரு வேலை செய்தார். ஆளுங்கட்சி கேட்டது ஆஸ்பத்திரிக் காப்பீடு. எதிர்க்கட்சி கொண்டுவந்த மாற்றுத் திட்டம், விருப்பப்பட்டவர்கள் பிரீமியம் கட்டிச் சேரும் டாக்டர் செலவுக் காப்பீடு. டாக்டர்கள் சங்கம் சொன்னது, ஏழைகளுக்கு மட்டும் உதவினால் போதும் என்று. மில்ஸ் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே சட்டமாக்கிவிட்டார். மூன்றடுக்கு கேக் என்று அதைச் சொல்வார்கள். முதல் அடுக்கு ஏ பகுதி, இரண்டாவது பி பகுதி, மூன்றாவது ஏழைகளுக்கான மெடிகெய்ட்.

1965 ஜூலை 30 அன்று ஜான்சன் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊருக்கே போய், 81 வயது ட்ரூமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு, இரண்டாவது அவர் மனைவிக்கு. இருபது வருடம் முன்னால் தோற்றவர் வீட்டு வாசலுக்கே போய்க் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1966 ஜூலை 1இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றது. தென் மாநிலங்களில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் அந்தப் பிரிவினையைக் கைவிட்டன. இது தனிப் பதிவாக எழுதவேண்டிய கதை.

இப்போது இடைவெளிக்கு வருவோம். 1966இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நோயாளி கட்டவேண்டிய டிடக்டிபிள் 40 டாலர். அறுபது நாள் வரை அவ்வளவுதான், 61ஆம் நாளிலிருந்து தினம் 10 டாலர், 90 நாளுக்குப் பிறகு எல்லாம் உங்கள் பொறுப்பு. பி பகுதிக்கு மாதம் 3 டாலர் பிரீமியம், வருடத்துக்கு 50 டாலர் டிடக்டிபிள், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு செலவிலும் நூற்றுக்கு இருபது நம்முடையது. அன்றைய தனியார் பாலிசிகளின் அச்சிலேயே இதை வார்த்தார்கள். அன்று அது பெரிய பாரமாகத் தெரியவில்லை.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. இருபது சதவீதத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஆயிரம் டாலர் செலவானால் இருநூறு. லட்சம் டாலர் ஆனால் இருபதாயிரம். 'இவ்வளவுக்கு மேல் நீ கட்டவேண்டாம்' என்று ஒரு கோடு சட்டத்தில் எங்கேயும் போடப்படவில்லை. இன்றைக்கும் மூல மெடிகேரில் அந்தக் கோடு கிடையாது. என் தம்பியின் கேள்வி பிறந்த இடம் இதுதான்.

ஓட்டை இருக்கும் இடத்தில் வியாபாரி வந்துவிடுவான். 1970களில் ஏஜெண்டுகள் வயதானவர்களின் பயத்தை மூலதனமாக்கி, ஒரே ஆளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் பல பாலிசிகளை விற்றார்கள். ஒன்றில் கிடைப்பதே மற்றதிலும். கிளாட் பெப்பர் தலைமையிலான முதியோர் நலக் குழு 1978இல் இதை விசாரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1980இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதில் தரச்சான்று பெறுவது கம்பெனிகளின் விருப்பம். விருப்பம் என்று விட்டால் என்ன நடக்கும் என்று வீட்டுப்பாடம் கொடுத்த யாருக்கும் தெரியும்.

அடுத்து நடந்ததைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

1988 ஜூலை 1. கையெழுத்துப் போட்டவர், அந்தக் காபி ரெக்கார்டின் குரல், அதிபர் ரீகன். மெடிகேர் தொடங்கியதிலிருந்து அதுவரை வந்த மிகப் பெரிய விரிவாக்கம். ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு டிடக்டிபிள், அதற்கு மேல் எத்தனை நாள் படுத்தாலும் அரசு பொறுப்பு. பி பகுதிக்கு 1990 முதல் 1,370 டாலர் உச்சவரம்பு. அதாவது அந்தக் கோட்டைப் போட்டேவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து? பயனாளிகளிடமிருந்தேதான். எல்லாருக்கும் மாதப் பிரீமியத்தில் 4 டாலர் கூடுதல். வருமான வரி கட்டும் முதியவர்களுக்கு அதற்கு மேல் ஒரு தனி வரி, 1989இல் ஒருவருக்கு அதிகபட்சம் 800 டாலர். தம்பதி என்றால் 1,600.

இங்கேதான் பிடித்தது சனி. 800 டாலர் கட்டவேண்டியவர்களில் பலர் நல்ல கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குப் பழைய கம்பெனியே இந்த இடைவெளியை அடைக்கும் பாலிசி கொடுத்திருந்தது. 'ஏற்கெனவே இருப்பதற்கு நான் ஏன் மறுபடி காசு கட்டவேண்டும்?' என்று கொதித்தார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரி தங்களுக்குக் கிடையவே கிடையாது என்று தெரியாத ஏழை முதியவர்களும் 800 டாலர் தங்கள் தலையில் விழப்போகிறது என்று நம்பிப் பயந்தார்கள். ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸ் தொடங்கிய ஒரு முதியோர் அமைப்பு வீடு வீடாகக் கடிதம் அனுப்பிப் பிரசாரம் செய்தது.

1989 ஆகஸ்ட் 17, சிகாகோ. நிதிக் குழுத் தலைவர் டான் ராஸ்டென்கௌஸ்கி முதியவர்களோடு ஒரு கூட்டம் முடித்து வெளியே வந்தார். கூட்டம் அவர் காரைச் சூழ்ந்துகொண்டது. கையில் இருந்த அட்டைகளால் காரை அடித்தார்கள். ஒரு வயதான பெண்மணி கார் பானட்டின் மேலேயே ஏறிவிட்டார். தலைவர் இறங்கி நடையைக் கட்டினார், ஒரு பெட்ரோல் பங்கு வழியாக ஓடிக் காரில் ஏறித் தப்பித்தார். இதெல்லாம் தொலைக்காட்சியில் வந்தது. டிசம்பரில் அதிபர் புஷ் (அப்பா) சட்டத்தை ரத்து செய்து கையெழுத்திட்டார். பதினெட்டு மாதத்துக்குள் கதை முடிந்தது.

என் கருத்து: அன்றைக்கு அவர்கள் காரை மறித்த கோபம் நியாயம், ஆனால் எறிந்த பொருள் தங்கம். அந்தக் கோட்டை அரசு இனி போடாது என்று ஆனதும், வேண்டியவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது.

கடையையாவது ஒழுங்கு செய்வோம் என்று 1990இல் சட்டம் போட்டார்கள். 1992 முதல் மெடிகேப் பாலிசிகள் ஏ முதல் ஜே வரை பத்தே வகை. ஒரு எழுத்து என்றால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான், ரேஷன் சர்க்கரை எந்தக் கடையிலும் ரேஷன் சர்க்கரைதான் என்பது போல. விலை மட்டும் மாறும். இரட்டைப் பாலிசி விற்பது குற்றம். (மூன்று மாநிலங்களுக்கு மட்டும் தனி முறை: மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின்.) அதே சட்டம்தான் ஆறு மாதச் சலுகையையும் கொடுத்தது. 65 வயதில் பி பகுதி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால், சர்க்கரையோ இதய நோயோ எது இருந்தாலும் கம்பெனி மறுக்கக்கூடாது, அதைக் காட்டி விலையைக் கூட்டவும் கூடாது.

1997இல் வந்த சட்டம்தான் 'ஹை டிடக்டிபிள்' வகையை உண்டாக்கியது. முதலில் எஃப், ஜே என்ற இரண்டு பிளான்களில். 1998இல் அந்தத் தொகை 1,500 டாலர், பிறகு விலைவாசியோடு ஏறும். 2015இல் வந்த இன்னொரு சட்டம், 2020க்குப் பிறகு மெடிகேருக்குத் தகுதி பெறுபவர்களுக்கு பி பகுதி டிடக்டிபிளையும் சேர்த்துக் கட்டும் பாலிசி விற்கக்கூடாது என்றது. அதனால் புதியவர்களுக்கு எஃப் போய் ஜி முன்னுக்கு வந்தது, ஹை டிடக்டிபிள் ஜியும் அப்போதுதான் பிறந்தது. 2020இல் 2,340 டாலர், 2025இல் 2,870 டாலர்.

இப்படிச் செய்ததற்கு அவர்கள் சொல்லும் காரணம், கையில் காசு செலவாகாவிட்டால் ஆள் தேவையில்லாமல் டாக்டரிடம் ஓடுவான் என்பது. இதற்கு ராண்ட் நிறுவனம் 1970களில் நடத்திய பெரிய பரிசோதனையை எல்லாரும் காட்டுவார்கள். கைக்காசு கட்டியவர்கள் குறைவாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உண்மை. ஆனால் வீண் செலவைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையான வைத்தியத்தையும் குறைத்துக்கொண்டார்கள் என்பதும் அதே பரிசோதனையின் முடிவுதான். அதைவிட முக்கியம், அதில் 62 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. இதை நான் தம்பியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். போன வருடம் காலில் வந்த புண்ணை 'தானா ஆறிடும்' என்று ஆறு வாரம் தள்ளிப்போட்டவன் அவன். அதுவும் சர்க்கரைக்காரன்.

இனி சீட்டுக் கணக்கு, 2025ஆம் ஆண்டுத் தொகைகளோடு. ஹை டிடக்டிபிள் என்றதும் 2,870 டாலர் வரை மொத்த பில்லையும் நாம் கட்டவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மெடிகேர் தன் எண்பது சதவீதத்தை எப்போதும்போலக் கட்டும். நம் பங்காக வரும் இருபது சதவீதமும் டிடக்டிபிள்களும் சேர்ந்து 2,870ஐத் தொடவேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வெளிச் செலவிலேயே தொடவேண்டுமானால் மெடிகேர் அனுமதித்த பில் சுமார் 13,300 டாலர் ஆகவேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை சேர்ந்தால் 1,676 டாலர் ஒரே அடியில் போய்விடும், மீதி சீக்கிரம் நிரம்பிவிடும். தொட்ட பிறகு கம்பெனி முழுக்க எடுத்துக்கொள்ளும். 1989இல் காரை மறித்துத் தடுத்த அதே கோடுதான் இது, தனியார் கடையில்.

தம்பிக்குச் சொன்ன விலை: சாதாரண ஜி மாதம் 130 டாலர், ஹை டிடக்டிபிள் ஜி 45. மிச்சம் மாதம் 85, வருடம் 1,020. சாதாரண ஜியில் மோசமான வருடத்திலும் கையிலிருந்து போவது பி பகுதியின் 257 டாலர் மட்டும். ஹை டிடக்டிபிளில் 2,870. வித்தியாசம் 2,613. ஒரு மோசமான வருடத்தை ஈடுகட்ட இரண்டரை வருட மிச்சம் வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிய செலவு வரும் என்றால் லாபம், வருடா வருடம் வந்தால் நஷ்டம்.

இதில் இரண்டு கண்ணிகள். முதலாவது, அந்த 2,870 ஜனவரி 1 ஆனதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அக்டோபரில் சேருபவன் நவம்பரில் ஓர் ஆபரேஷன், பிப்ரவரியில் ஓர் ஆபரேஷன் என்றால் இரண்டு முறை கட்டவேண்டும். இரண்டாவதுதான் பெரியது. அவனுக்கு ஆறு மாதம் மார்ச் 31ஓடு முடிகிறது. அதற்குப் பிறகு, 'உடம்பு கெட்டுப்போச்சு, இனி சாதாரண ஜிக்கு மாறிக்கிறேன்' என்றால் ஒஹாயோவில் கம்பெனி மருத்துவக் கேள்வி கேட்டு மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற ஒரு சில மாநிலங்களில்தான் பிறகும் கதவு திறந்திருக்கும். ஆக அவன் எடுக்கும் முடிவு இந்த வருடத்துக்கானது அல்ல, 80 வயதிலும் அதுவேதான்.

இதெல்லாம் வேண்டாம், மாதம் எதுவும் கட்டாமலேயே கிடைக்கிறது என்று மெடிகேர் அட்வாண்டேஜ் என்ற தனியார் வழிக்கும் போகலாம். 2023இல் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதில்தான் இருந்தார்கள். அங்கே செலவுக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் டாக்டர், அவர்கள் முன்அனுமதி. தம்பி அதை விரும்பவில்லை.

நான் அவனுக்குச் சொன்னது: "2,870 டாலரைப் பார்த்து 'போனா போகட்டும்'னு சொல்ற மனசும், அந்தப் பணம் தனியா வச்சிருக்கிற கையும் இருந்தா ஹை டிடக்டிபிள் எடு. டாக்டருக்கு 60 டாலர் கட்டணுமேன்னு காலைக் காட்டாம இருப்பேன்னா மரியாதையா சாதா ஜி எடு. கணக்கு ரெண்டாவதுடா, உன் புத்திதான் முதல்ல." அப்புறம், மெடிகேர் மதுரைக்கு வராது, பொங்கலுக்கு வரும்போது தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு வா என்றும் சொன்னேன்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது. "அக்கா, ஹை டிடக்டிபிள் ஜிக்கு விண்ணப்பம் போட்டுட்டேன். 6,000 டாலர் தனி அக்கவுண்ட்ல போட்டாச்சு, ரெண்டு வருஷத்துக்கு." அதற்குக் கீழே அவன் மனைவி எழுதியிருந்தாள்: "அண்ணி, அந்த அக்கவுண்ட் என் பேர்ல. கால் டாக்டருக்கும் அடுத்த வியாழக்கிழமை நான்தான் அப்பாயிண்ட்மென்ட் வாங்கியிருக்கேன்."